மூன்று பக்க வாசிப்பு

திருத்தக்காவின் சொந்தப் பெயர் அச்சகத்தில் யாருக்கும் ஞாபகம் இல்லை. பத்தொன்பது வருடமாக அங்கே மெய்ப்புத் திருத்துகிறவள், அதனால் திருத்துகிற அக்கா, அது தேய்ந்து திருத்தக்கா. கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயர் மாறி விழுந்திருந்தால் அது வாசலைத் தாண்டும் முன் பிடித்துவிடுவாள். வீட்டிலும் அதே வேலைதான். புருஷன் கோபத்தில் கத்தினால், கத்தி முடிக்கும்வரை பொறுமையாக இருந்துவிட்டு, "நேத்து கத்துனதுல ஒரு வரி விட்டுட்டீங்களே" என்பாள். அந்த மனுஷர் பஸ் ஓட்டுகிறவர். ரோட்டில் படுகிற பாட்டைவிட வீட்டில் படுகிற பாடு அதிகம் என்று டிப்போ முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

அச்சகத்தில் அதிகமும் அடிப்பது இஸ்லாமிய மார்க்க நூல்கள். முதலாளியின் தகப்பனார் காலத்தில் ஒரு தொழுகை நூலில் அரை வரி விடுபட்டுப் போய், விற்ற பிரதிகளை எல்லாம் அவர் வீடு வீடாக நடந்து திரும்ப வாங்கி வந்தாராம். அன்றைக்கு அவர் வைத்த சட்டம் இன்றைக்கும் நடக்கிறது. ஒரு மூல நூலிலிருந்து மேற்கோள் எடுத்தால், எடுத்தவரே அந்த நூலைத் திறந்து, மேற்கோள் உள்ள பக்கம், அதற்கு முந்தின பக்கம், அதற்கு அடுத்த பக்கம் மூன்றையும் வாய்விட்டு வாசிக்க வேண்டும். மெய்ப்புப் பார்ப்பவள் எதிரே உட்கார்ந்து தாளில் விரலை ஓட்டிக்கொண்டே வருவாள். அது முடிந்தால்தான் மெஷின் ஓடும். இதற்கு மூன்று பக்க வாசிப்பு என்று பெயர். மார்க்கம் கற்ற பெரிய பெரிய ஆலிம்கள் முணுமுணுத்துக்கொண்டே வந்து வாசித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

புதன்கிழமை மத்தியானம் முதலாளி ஒரு தாளை அவள் மேஜையில் வைத்தார். வைத்தவர் அவள் முகத்தைப் பார்க்காமல் சுவரில் மாட்டியிருந்த மின்விசிறி சுவிட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டில் குக்கர் சத்தம் போட்டாலே நெஞ்சைப் பிடித்துக்கொள்கிற மனுஷர் அவர்.

"அக்கா, நாளைக்கு அஸர் தொழுகைக்கு அப்புறம் சபையில கையெழுத்து ஆகுது. வெள்ளிக்கிழமை ஐயாயிரம் நோட்டீஸ் ஒட்டணுமாம். என்னை ஒண்ணும் கேக்காதீங்க."

திருத்தக்கா தாளை எடுத்தாள். ஊர் ஆலிம்கள் ஐந்து பேர் கூடுகிற உலமா சபையின் தீர்ப்பு என்று தலைப்பு. பெண்கள் பள்ளியில் நீதிபோதனை வகுப்பு எடுக்கும் ஆசிரியை மார்க்கத்தை இழிவுபடுத்திவிட்டார், அவருடைய உயிருக்கு இனிப் பாதுகாப்பு இல்லை, அவரை யார் தண்டித்தாலும் தண்டித்தவர் மேல் பாவம் இல்லை என்று நாலு வரி. அதற்குக் கீழே ஆதாரம். எழுநூறு வருடத்துக்கு முன்னால் ஒரு நீதிபதி எழுதிய பெரிய சட்ட நூலிலிருந்து ஒரு முழுப் பக்கம், பக்க எண்ணோடு. கீழே ஐந்து பேர் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள்.

அந்த ஆசிரியை திருத்தக்காவின் நாத்தனார்.

இந்த நாத்தனாரும் அண்ணியும் பதினோரு வருடமாக நேருக்கு நேர் ஒழுங்காகப் பேசிக்கொண்டதில்லை. சண்டை எதில் ஆரம்பித்தது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். ஒருத்தி ஜன்னல் திரைச்சீலை என்பாள், இன்னொருத்தி பரீட்சை முடிந்த நாளில் சொன்ன ஒரு வார்த்தை என்பாள். எப்படியோ போகட்டும். போன வெள்ளிக்கிழமை டீச்சர் குடியிருந்த வீட்டு ஜன்னலில் கல் விழுந்ததும், அண்ணன் பஸ்ஸை டிப்போவில் விட்ட கையோடு தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஐந்து நாளாக இரண்டு பெண்களும் ஒரே அடுப்படியில் ஒருத்தி முதுகை ஒருத்தி பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

நடந்தது இவ்வளவுதான். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் எழுந்து நின்று, "டீச்சர், எங்க அத்தா அம்மாவை அடிக்கிறப்போ எல்லாம் மார்க்கத்துல இடம் இருக்குன்னு சொல்றாரு. நிஜமா இருக்கா?" என்று கேட்டிருக்கிறது. டீச்சர் பதில் சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண்ணின் அத்தா டயர் கடைக்காரர். வீட்டில் மகள் வாயிலிருந்து அந்தப் பதிலைக் கேட்டவர், நேரே போய்ப் புகார் கொடுத்துவிட்டார். கொடுத்தது சபை ஆலிம்களில் ஒருவரான முழக்க ஹஜ்ரத்திடம்.

முழக்க ஹஜ்ரத் என்பது ஊர் வைத்த பெயர். நாற்பது வயசு, நல்ல உயரம், மைக் இல்லாமலே மூன்று தெருவுக்குக் கேட்கும் குரல். மூல மொழியான அரபியில் ஒரு வரி வாசிப்பார், மூச்சு விடுவதற்குள் அதைத் தமிழில் முழங்குவார், அடுத்த வரிக்குப் போவார். அந்த வேகத்தில் மயங்காத ஆள் குறைவு. சபையில் ஐந்து பேரில் அவர்தான் இளையவர், ஆனால் மற்ற மூன்று பேர் அவர் தலையாட்டும் பக்கம் தலையாட்டுகிறவர்கள். ஐந்தாவது பெரிய ஹஜ்ரத். அவர் தலைவர். கண்ணில் புரை விழுந்து ஆறு மாதமாகிறது. யாராவது வாசித்துக் காட்டினால்தான் உண்டு.

"சார், உள்ளே போய் அந்த நூலை எடுத்துட்டு வாங்க," என்றாள் திருத்தக்கா.

"எதுக்குக்கா? எழுதினவர் வந்தாத்தானே வாசிப்பு?"

"அவருக்கு முன்னாடி நான் ஒரு தடவை பாத்துக்கறேன்."

ஏழு வருடம் பெண்கள் அரபிக் கல்லூரியில் படித்தவள் அவள். மூலத்தைத் தடவித் தடவி வாசிக்க வேண்டிய அவசியம் இல்லை. பக்கத்தைத் திறந்தாள். நோட்டீஸில் இருப்பது எழுத்துப் பிசகாமல் அங்கே இருந்தது. மார்க்கத்தை இழிவுபடுத்தியவருக்கு நீதிபதி தேவையில்லை, சாட்சி தேவையில்லை, கண்டவன் கையே தண்டனை என்று பக்கம் முழுக்க ஓடியது. பழக்கத்தால் கை முந்தின பக்கத்தைத் திருப்பியது. அதன் கடைசி வரியைப் படித்தாள். பிறகு அடுத்த பக்கத்தின் முதல் வரி. பிறகு எழுந்து நின்றுவிட்டாள்.

இந்த மாதிரிச் சட்ட நூல்களுக்கு ஒரு நடை உண்டு. எழுதுகிறவர் முதலில் எதிராளியின் வாதத்தை அவன் வாயாலேயே, ஒரு குறையும் வைக்காமல், முழுசாகச் சொல்வார். அதற்கப்புறம்தான் அதை நார் நாராகக் கிழிப்பார். இங்கே முந்தின பக்கத்துக் கடைசி வரி, "இதை மறுக்கும் ஒருவன் இவ்வாறு சொல்லக்கூடும்" என்று முடிந்தது. அடுத்த பக்கத்து முதல் வரி, "நாம் சொல்கிறோம்" என்று ஆரம்பித்தது. நடுவில் இருந்த பக்கம் முழுக்க எதிராளியின் பேச்சு. அந்த ஒரு பக்கத்தை யாரோ படம் பிடித்துப் போனில் அனுப்ப, அது கைக்குக் கை மாறி, முழக்க ஹஜ்ரத்தின் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அவர் நூலைத் திறக்கவே இல்லை. நீதிபதி எவனை முட்டாள் என்று திட்டினாரோ, அவனுடைய பேச்சையே நீதிபதியின் தீர்ப்பு என்று கொண்டுவந்து வைத்திருக்கிறார்.

முதலாளிக்கு விளக்கிச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது, உடனே வாடியது. "நல்லதாப் போச்சு, மெஷின் ரிப்பேர்னு சொல்லித் திருப்பி அனுப்பிடுவோம்."

"நாம இல்லேன்னா வேற அச்சகம். அங்க மூணு பக்கம் யாரு வாசிக்கிறா?"

"அப்போ அவருக்கு ரகசியமாப் போன் போட்டுச் சொல்லுவோம். மனுஷர் மானமும் போகாது."

"சொன்னா, இந்தப் பக்கத்தை எடுத்துட்டு நாளைக்குள்ள வேற எங்கிருந்தாவது வேற ஒரு பக்கம் கொண்டு வருவாரு சார். நிறுத்தணும்னு நினைக்கிறவருக்கு ரகசியமாச் சொல்லலாம். இவர் நினைக்கலையே."

சாயங்காலம் வீட்டில் சொன்னாள். பஸ்காரர் மகிழ்ச்சியில் கதவில் ஓங்கித் தட்டினார். டீச்சர் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் பையில் மனித உரிமைப் பிரகடனத்தின் சின்னப் பிரசுரம் எப்போதும் இருக்கும். வகுப்பில் வைத்துப் பாடம் நடத்துகிற பிரசுரம். அதை வைத்துத்தான் போலீசில் புகார் கொடுத்தாள். எழுதி வாங்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான். உரிமை ஆணையத்தில் பாதுகாப்புக்கு மனு கொடுத்தாள். எட்டு வேலை நாள் ஆகுமாம்.

"ஒரு பக்கம்," என்றாள் டீச்சர். "ஒரு பக்கத்துல என் உசுரு இருக்கு. அப்படித்தானே அண்ணி?"

"ஆமா. நல்லவேளையா இருக்கு."

"அந்தப் பக்கம் இல்லேன்னா? அந்த நீதிபதி வேற மாதிரி எழுதியிருந்தா? அப்போ என்னைக் கொல்லலாமா?"

கேள்வி நியாயமானது என்று திருத்தக்காவுக்குத் தெரிந்தது.

"கொல்லக் கூடாது," என்றாள். "ஆனா நாளைக்கு அங்க நிக்கிறவங்க உன் பிரசுரத்தைப் படிக்க மாட்டாங்க. அவங்க தலையில வெச்சுக் கொண்டாடுற நூலே அவங்களைத் தடுக்குதுன்னா, முதல்ல அதை வெச்சு உன்னைக் காப்பாத்திக்கலாம். மிச்சத்தை நீ உயிரோட இருந்து அவங்களுக்குச் சொல்லிக் குடு."

டீச்சர் பையை மூடி ஆணியில் மாட்டினாள். பிறகு, "நீங்க பேசினா நாத்தனாருக்காகப் பேசறான்னு சொல்லிடுவாங்க," என்றாள்.

"நான் எதுக்குப் பேசறேன்? எழுதினவரே வாசிப்பாரு. அச்சகத்துச் சட்டம் இருக்கே."

மறுநாள் சாயங்காலம் அஸருக்குப் பிறகு சபைக் கூடம் நிறைந்திருந்தது. நீளமான அறை, பாய் விரித்திருந்தது, முன்னால் ஐந்து பேர் உட்கார ஒரு தாழ்வான மேடை, அதில் ஒரு மைக். வாசலில் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். தெருவில் ஆண்கள் நின்றார்கள், இருநூறு பேருக்குக் குறையாது. முனையில் இரண்டு போலீஸ்காரர்கள் வண்டியை விட்டு இறங்காமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து அறையில் பெண்கள். நடுவில் கதவு திறந்து திரை தொங்கியது. டயர் கடைக்காரர் முதல் வரிசையில் சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார், ஏதோ அவருக்கு விருது கொடுக்கப் போகிற மாதிரி.

முதலாளி மெய்ப்புத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு வாசற்படியிலேயே நின்றுவிட்டார். கால் வரவில்லை. திருத்தக்கா அவர் கையிலிருந்து தாளை வாங்கிக்கொண்டு, மறு கையில் அந்தக் கனத்த நூலைத் தூக்கிக்கொண்டு மேடைக்குப் போனாள்.

"கையெழுத்துப் போட்டுத் தர்றோம்மா. வெச்சுட்டுப் போங்க," என்றார் முழக்க ஹஜ்ரத்.

"மூணு பக்க வாசிப்பு பாக்கி இருக்கு ஹஜ்ரத். அது இல்லாம எங்க மெஷின் ஓடாது."

"இதுக்குமா?"

"நாள்காட்டிக்கே வாசிக்கிறோம். இது ஒரு உசுரு."

முன்வரிசையில் டயர் கடைக்காரர் எழுந்தார். "ஹஜ்ரத், இந்தம்மா யாருன்னு தெரியுமா? அந்த டீச்சரோட அண்ணி! இவங்களை ஏன் உள்ள விட்டீங்க?"

கூடத்தில் சலசலப்பு. திருத்தக்கா நூலைக் கீழே வைக்காமல் அங்கேயே நின்றாள்.

பெரிய ஹஜ்ரத் கையைத் தூக்கினார். "அவங்க வாசிக்கப் போறதில்லையே. வாசிக்கப் போறது நம்ம ஆள்தானே. இந்த அச்சகத்துல நானும் ரெண்டு நூல் போட்டேன், ரெண்டுக்கும் போய் உட்கார்ந்து வாசிச்சேன். அது நல்ல வழக்கம். வாசிங்க தம்பி. எனக்கும் கண்ணு தெரியலை, காதால கேட்டுக் கையெழுத்துப் போடறேன்."

முழக்க ஹஜ்ரத் சிரித்தார். வாசிக்கச் சொன்னால் அவருக்குக் கசக்குமா? "நல்லதுதான். வெளிய நிக்கிறவங்களும் ஆதாரத்தைக் கேட்கட்டும்," என்று சொல்லி மைக் சுவிட்சை அவரே தட்டினார்.

திருத்தக்கா நூலை அவர் முன் விரித்து வைத்தாள். முந்தின பக்கம். வைக்கும்போது குனிந்து, மைக்கில் விழாத குரலில் கேட்டாள். "ஹஜ்ரத், இந்த நூலைத் திறந்து பார்த்திருக்கீங்கதானே?"

அது அவருக்குக் கொடுத்த கடைசி வாய்ப்பு. உண்மையாகவே கொடுத்தாள். அவர் ஒரு நிமிஷம் தயங்கி, வேண்டாம், பிறகு வாசிக்கலாம் என்று சொல்லியிருந்தால்கூடப் போதும், தனியாக உட்கார்ந்து பேசியிருப்பாள். அவர் பெரிய குரலில், மைக்கிலேயே, "முப்பது தடவை!" என்றார்.

ஆரம்பித்தார். முதல் பக்கம் நீதிபதி எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பற்றியது. பசியோடும் கோபத்தோடும் இருக்கும்போது தீர்ப்புச் சொல்லக் கூடாது, இரண்டு தரப்பையும் ஒரே மாதிரி உட்கார வைத்துக் கேட்க வேண்டும் என்று வரிசையாகப் போயிற்று. முழக்க ஹஜ்ரத் இதை எல்லாம் விறுவிறு என்று தாண்டினார், அவருக்கு அடுத்த பக்கத்தின் மேல்தான் கண். கடைசி வரியையும் அதே வேகத்தில், "இதை மறுக்கும் ஒருவன் இவ்வாறு சொல்லக்கூடும்" என்று தமிழில் சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார். கூட்டம் கவனிக்கவில்லை. பெரிய ஹஜ்ரத் மட்டும் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இரண்டாம் பக்கத்தில் மனுஷர் முழு மூச்சில் இறங்கினார். "நீதிபதி தேவையில்லை! சாட்சி தேவையில்லை! கண்டவன் கையே தண்டனை!" ஒவ்வொரு வரிக்கும் தெருவில் இருந்து ஒரு சத்தம் எழுந்தது. திருத்தக்கா தாளில் விரலை ஓட்டிக்கொண்டே வந்தாள். விரல் நுனி வியர்த்து மையைக் கலைத்தது. பக்கம் முடியும்போது வெளியே இருநூறு தொண்டையும் ஒன்றாகக் கத்தின. அந்தச் சத்தத்தின் மேலேயே ஏறிக்கொண்டு முழக்க ஹஜ்ரத் பக்கத்தைத் திருப்பினார், மூல வரியை வாசித்தார், நாக்கு வழக்கம்போல முந்திக்கொண்டு தமிழில் முழங்கியது.

"நாம் சொல்கிறோம்! இது சட்டம் அறியாதவனின் பேச்சு!"

ஒலிபெருக்கி அதை மூன்று தெருவுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது.

கத்திக்கொண்டிருந்தவர்கள் பாதியில் நின்றார்கள். முழக்க ஹஜ்ரத் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனுஷர் வாழ்க்கையில் மைக் முன்னால் மௌனமாக இருந்தது அன்றைக்குத்தான்.

"நிறுத்தாதீங்க," என்றார் பெரிய ஹஜ்ரத்.

"ஹஜ்ரத், இது வந்து, இது வேற..."

"மூணு பக்கம். நீங்க இன்னும் ரெண்டுதான் முடிச்சிருக்கீங்க. வாசிங்க. சத்தமா."

வாசித்தார். வாசிக்காமல் இருக்க வழியில்லை. விசாரணை இல்லாமல் தண்டனை இல்லை என்று வாசித்தார். குற்றம் சாட்டப்பட்டவர் தன் விளக்கத்தைச் சொல்லும் முன் அவர்மேல் கை வைப்பவன் குற்றவாளி என்று வாசித்தார். அவர் உயிரை எடுப்பவன் கொலைகாரன், அவனைக் கொலைகாரனாகவே விசாரிக்க வேண்டும், மார்க்கத்துக்காகச் செய்தேன் என்று அவன் சொன்னால் அந்தச் சொல் அவன் குற்றத்தைக் குறைக்காது, கூட்டும் என்று வாசித்தார். வரிக்கு வரி குரல் இறங்கிக்கொண்டே போயிற்று. ஒவ்வொரு தடவையும் பெரிய ஹஜ்ரத், "கேக்கலை" என்றார். ஒவ்வொரு தடவையும் அவர் அந்த வரியை மறுபடி, சத்தமாக வாசிக்க வேண்டியிருந்தது.

முடிந்ததும் திருத்தக்கா விரலைத் தாளிலிருந்து எடுத்தாள். "ஒத்துப் பாத்தாச்சு ஹஜ்ரத். நடுப்பக்கத்துல எழுத்துப் பிழை இல்லை. ஆனா அது நூல் எழுதினவரோட பேச்சு இல்லை. அவரு யாரைத் திட்டினாரோ அந்த ஆளோட பேச்சு. அவரோட பேச்சு இதுல அச்சாகலை."

பெரிய ஹஜ்ரத் மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். அவர் கை தடவித் தடவித்தான் அதைக் கண்டுபிடித்தது. "வெளிய நிக்கிற எல்லாரும் கேளுங்க. இன்னைக்கு நான் கேட்காம கையெழுத்துப் போட்டிருந்தா, நாளைக்கு ஒரு அப்பாவிப் பொண்ணோட ரத்தம் என் கையில இருந்திருக்கும். கண்ணு தெரியாதவன் நான்னு நினைச்சேன். கண்ணு தெரிஞ்சவங்களும் ஒரு பக்கத்துக்கு மேல பாக்கலை. முதல் பக்கத்துல ரெண்டு தரப்பையும் கேக்கணும்னு வாசிச்சோமே, இன்னொரு தரப்பைக் கூப்பிட்டோமா? அந்த டீச்சரைக் கூட்டிட்டு வாங்க."

திருத்தக்கா புருஷனுக்குப் போன் போட்டாள். ஐந்து நிமிஷத்தில் அவர் தங்கச்சியின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். நடைபாதையில் சுவரோரமாக ஒட்டி ஒட்டி வந்தார்கள். கூட்டம் வழி விட்டது.

டீச்சர் மைக் முன்னால் நின்றாள். "என்கிட்ட ஒரு பிள்ளை கேள்வி கேட்டது. நான் சொன்ன பதில் இதுதான். பொண்டாட்டியை அடிச்சுட்டு அந்த அடியை ஆண்டவன் பேருக்குப் பின்னாடி ஒளிக்கிறவன்தான் ஆண்டவனை இழிவுபடுத்துறான். அன்னைக்குச் சொன்னேன், இப்பவும் சொல்றேன்." கொஞ்சம் நிறுத்தினாள். அவள் பேச்சு இன்னும் முடியவில்லை என்று அண்ணிக்குத் தெரிந்தது. "இன்னொண்ணும் சொல்லணும். இந்தப் பக்கம் இருந்ததுக்கு நன்றி. ஆனா இந்தப் பக்கம் இல்லேன்னாலும் என் உசுரு என்னோடதுதான். யாரும் யாரையும் கூட்டம் சேர்ந்து கொல்ல முடியாது. அதுக்கு ஆதாரம் தேட வேண்டியதே இல்லை."

இந்த இடத்தில், இந்த நேரத்தில், இதைச் சொல்லாமல் விடக் கூடாதா என்று திருத்தக்காவுக்கு ஒரு பக்கம் பயம். மறுபக்கம் பெருமை பொத்துக்கொண்டு வந்தது. என் நாத்தனார், என் நாத்தனார் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டாள்.

"சரியாத்தான் சொல்றா," என்றார் பெரிய ஹஜ்ரத். "அந்த நீதிபதியும் அதைத்தான் காப்பாத்தப் பாத்தாரு."

டயர் கடைக்காரர் துள்ளி எழுந்தார். "அவ பொய் சொல்றா! அன்னைக்கு வேற மாதிரி பேசினா! என் பொண்ணு வந்து சொன்னா!"

"உங்க பொண்ணு என்ன சொன்னான்னு சாட்சி இருக்கா?" என்றார் பெரிய ஹஜ்ரத்.

"நான் சொல்றேனே!"

"நான் சொல்றேன்," என்று இன்னொரு குரல் கேட்டது.

திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. திரை விலகியது. ஒல்லியான ஒரு பெண், இடது கையில் கட்டு, பக்கத்தில் பள்ளிச் சீருடையில் ஒரு பெண்பிள்ளை. டயர் கடைக்காரரின் மனைவி. அந்தக் கூடத்தில் அவளுடைய குரலை இதுவரை கேட்டவர் யாருமில்லை. தெருவிலேயேகூட அதிகம் பேர் கேட்டிருக்க மாட்டார்கள்.

"என் மகள் வீட்டுக்கு வந்து டீச்சர் இப்ப சொன்ன அதே வார்த்தையைத்தான் சொன்னா. ஒரு எழுத்து கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கேள்வி கேட்டது என் மகள். அடி வாங்குறது நான். இந்தக் கை போன வெள்ளிக்கிழமை ஒடிஞ்சது. டீச்சர் வீட்டு ஜன்னல்ல கல்லு விழுந்த அதே நாள்."

டயர் கடைக்காரர் திரையை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தார். பஸ்காரர் குறுக்கே போய் நின்றார். அவர் ஒன்றும் செய்யவில்லை, நின்றார், அவ்வளவுதான். பஸ் ஓட்டுகிறவர்கள் குறுக்கே நின்றால் எதிரே வருகிறவர் யோசிக்கத்தான் வேண்டும். முனையில் இருந்த போலீஸ்காரர்களும் ஒருவழியாகப் போனைப் பையில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்து, டயர் கடைக்காரரை வண்டிக்கு அழைத்துப் போனார்கள்.

பெரிய ஹஜ்ரத் தீர்ப்பை அங்கேயே சொல்லச் சொல்ல, திருத்தக்கா அந்த மெய்ப்புத் தாளை ஒதுக்கிவிட்டு வேறு ஒரு தாளில் எழுதினாள். டீச்சர்மேல் குற்றம் இல்லை. அவர்மேல் கை ஓங்குகிறவன் குற்றவாளி, இந்தச் சபையே அவன்மேல் சாட்சி சொல்லும். மனைவியை அடித்துவிட்டு மார்க்கத்தைக் காரணம் சொல்கிறவனுக்கு இந்தச் சபையில் இடமில்லை. கை ஒடிந்த அந்தப் பெண்ணின் புகாரை இன்றே போலீசில் பதிவு செய்யச் சபையின் ஆள் கூடப் போவார். முதலில் பெரிய ஹஜ்ரத் கையெழுத்துப் போட்டார். அடுத்து தலையாட்டும் மூவர், இந்தத் தடவை சரியான பக்கம் தலையாட்டி. கடைசியில் தாள் முழக்க ஹஜ்ரத்திடம் வந்தது. அவர் மேலிருந்து கீழே படித்தார். பிறகு தாளைத் திருப்பி, வெறுமையாக இருந்த பின்பக்கத்தையும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பெண்கள் பக்கத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு கூடம் முழுக்கப் பரவியது.

"எத்தனை அடிக்கணும்?" என்று முதலாளி வாசற்படியிலிருந்தே கேட்டார். அவருக்கு இப்போது கால் வந்திருந்தது.

"பத்தாயிரம்," என்றார் பெரிய ஹஜ்ரத்.

வெளியே வந்தபோது கை ஒடிந்த அந்தப் பெண் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு தயங்கி நின்றாள். திரும்பிப் போக அவளுக்கு வீடில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது. போலீஸ் வண்டியில் ஏறிய டயர் கடைக்காரர் எத்தனை நாளில் திரும்பி வருவார் என்பது யாருக்கும் தெரியாது.

"நீங்க எங்க வீட்டுக்கு வந்துடுங்க. முதல்ல புகாரை எழுதிக் குடுத்துட்டு, நேரா அங்க," என்றாள் திருத்தக்கா.

"உங்களுக்குச் சிரமம்."

"இவ வந்ததுல இருந்தே வீட்டுல இடமில்லை. இனிமே ரெண்டு பேர் வந்தா என்ன குறைஞ்சுடப் போகுது?"

"நாளைக்கே என் வீட்டுக்குப் போயிடுவேன். ஜன்னல் கண்ணாடி மாத்தணும், அவ்வளவுதான்," என்றாள் டீச்சர்.

"யாரு போகச் சொன்னா?" என்று சொன்ன திருத்தக்கா அதற்குமேல் பேச முடியாமல் அழுதுவிட்டாள். நடுத்தெருவில், இருநூறு பேர் முன்னால், முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு ஓவென்று அழுதாள். டீச்சர் அவள் முதுகில் கை வைத்தாள். பதினோரு வருடத்தில் முதல் தடவை.

பிறகு நடந்தார்கள். சுவரோரமாக வந்த டீச்சர் இப்போது தெருவின் நடுவில் நடந்தாள். ஒரு பக்கம் அண்ணி, மறுபக்கம் கை ஒடிந்த அந்தப் பெண், முன்னால் புத்தகப் பையை ஆட்டிக்கொண்டு அவள் மகள், பத்தடி பின்னால் பஸ்காரரும் சபையின் ஆளும். சற்று முன்புவரை கத்திக்கொண்டிருந்த ஆண்கள் இரண்டு ஓரமும் ஒதுங்கித் தலையைக் குனிந்து நின்றார்கள். எதிரே வந்த வண்டிகள் ஒவ்வொன்றாக நின்றன. ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. பெண்கள் நான்கு பேரும் அவசரப்படாமல் காவல் நிலையம்வரைக்கும் அப்படியே நடந்து போனார்கள்.